பார்த்து முடித்ததும் எழுந்து போய் ஏதாவது செய்ய வைத்த படம் எது?

அங் மோ கியோ வாசகி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு காரியத்துக்காகத்தான் கேட்கிறேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தனியாக வசிக்கும் மூத்தோர் அதிகம். வாரம் ஒருமுறை கதவைத் தட்டி நலம் விசாரிக்கத் தொண்டூழியர்கள் வேண்டும். போன வருடம் இதற்காகவே புளோக்கின் கீழே உள்ள வெற்றுத்தளத்தில் ஒரு குறும்படம் போட்டார்கள். பிள்ளைகள் கைவிட்ட ஒரு தாத்தா, அடைமழை, சோகமான இசை, கடைசியில் ஆளில்லாத நாற்காலி. அழாதவர் இல்லை. ஆனால் பக்கத்து மேசையில் வைத்திருந்த தாளில் பெயர் எழுதியவர்கள் மிகச் சிலரே. என் மாடியில் இருக்கும் அம்மா ஒருவர், "பெத்தவரை இப்படி விட்ட பிள்ளைங்க நல்லா இருப்பாங்களா?" என்று சபித்துவிட்டு மின்தூக்கியில் ஏறிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழி முழுக்கப் பிள்ளைகள் தலையில் விழுந்ததும் பார்த்தவர்களின் மனப்பாரம் இறங்கிவிட்டது. நாம் செய்வதற்கு என்று அந்தப் படம் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் திரையிடப் போகிறோம். படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அழவைத்த படங்களின் பட்டியல் வேண்டாம். எந்தப் படம் உங்களை எழுந்து போய் ஒரு நல்லது செய்ய வைத்தது? என்ன செய்தீர்கள்?

உட்லண்ட்ஸ் தாதி

என்னுடையது முழுநீளப் படம் இல்லை, 2014இல் வந்த ஒரு தாய்லாந்துக் காப்புறுதி விளம்பரம். மூன்று நிமிடம்தான். ஓர் இளைஞன் தெருவில் நடக்கிறான். மேலேயிருந்து வீணாகக் கொட்டும் தண்ணீருக்கு அடியில் காய்ந்த செடித் தொட்டியை நகர்த்தி வைக்கிறான். தன் தட்டில் இருக்கும் கோழியைத் தெருநாய்க்குப் போடுகிறான். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதவில் வாழைப்பழத்தை மாட்டிவிட்டுப் போய்விடுகிறான். பேர் கிடைக்கவில்லை, பணம் வரவில்லை என்று பின்னணிக் குரலே சொல்லிவிடுகிறது.

இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கைப்பேசியில் பார்த்தேன். எனக்கு அடுத்த வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். பல வருடமாகத் தலையாட்டிப் புன்னகைப்பதோடு சரி. அந்த வாரம் தேக்கா சந்தையில் வாங்கிய வாழைப்பழத்தில் பாதியை ஒரு பையில் போட்டு அவர் வீட்டு இரும்புக் கதவில் மாட்டினேன். மறுநாள் என் கதவில் ஆரஞ்சு தொங்கியது. எனக்கு மாண்டரின் தெரியாது, அவருக்குத் தமிழோ ஆங்கிலமோ வராது. இப்போது அவருடைய ரத்த அழுத்த மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அடுக்கிக் கொடுக்கிறேன்.

அந்த விளம்பரத்தில் எனக்குப் பிடித்தது, அவன் செய்தது எதுவும் என்னால் முடியாதது இல்லை என்பதுதான். வாழைப்பழத்தைக் கதவில் மாட்டுவது எப்படி என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

துவாஸ் ஊழியர்

வணக்கம் அக்கா. நான் கட்டுமான வேலை செய்கிறேன், சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். எங்களைப் பற்றியும் படம், காணொளி எல்லாம் நிறைய வருகிறது. பெரும்பாலும் லாரியில் வெயிலில் உட்கார்ந்திருப்போம், அம்மாவுக்கு போன் பேசி அழுவோம். அதைப் பார்த்துவிட்டு நல்ல மனசோடு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனாலும் எம்.ஆர்.டி. ரயிலில் எங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். பாவப்பட்டவன் பக்கத்தில் உட்கார யாருக்கும் தோன்றுவதில்லை.

2025 ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங் ரோடு சவுத்தில் சாலை உள்வாங்கி ஒரு கார் பள்ளத்துக்குள் விழுந்தது ஞாபகம் இருக்கும். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஏழு ஊழியர்கள் கயிற்றை வீசி, உள்ளே இருந்த பெண்ணைச் சில நிமிடங்களில் மேலே இழுத்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் நம் தமிழ்நாட்டுக்காரர். அந்தக் காட்சி எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. மக்கள் அவர்களுக்காக 70,000 வெள்ளிக்கு மேல் திரட்டினார்கள், அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்கும் அழைக்கப்பட்டார்கள்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். அந்த வாரம் பஸ்ஸில் ஒரு மலாய் ஐயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காணொளியைக் காட்டி, உங்கள் ஆட்களா என்று கேட்டார். எங்கள் நிறுவனம் வேறு என்றேன். அதனால் என்ன என்றார். பூன் லே வரும்வரை என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தார். சிங்கப்பூரில் என் பிள்ளைகளின் பெயரைக் கேட்ட முதல் வெளி ஆள் அவர்தான். அழுகிற எங்களைக் காட்டினால் காசு கொடுக்கிறார்கள். உதவுகிற எங்களைக் காட்டினால் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும் அக்கா.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி சொன்னதை இரண்டு முறை படித்தேன். மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டு என்கிறது தொல்காப்பியம். அதில் அழுகை பிறக்கும் இடங்களாக இழிவு, இழப்பு, நிலைகுலைவு, வறுமை நான்கையும் சொல்கிறது. பெருமிதம் பிறக்கும் இடங்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. கொடுப்பவரைக் காணும்போது நமக்குள் எழுவது அழுகையின் பிரிவில் இல்லை, பெருமிதத்தின் பிரிவில் இருக்கிறது. அந்தக் குறும்படம் முதல் வகை. தாதி பார்த்த விளம்பரமும் தம்பி சொன்ன காணொளியும் இரண்டாம் வகை.

இதை உளவியலாளர்களும் சோதித்திருக்கிறார்கள். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிலருக்கு மனத்தை உயர்த்தும் நற்செயல் காட்சியையும் வேறு சிலருக்கு நகைச்சுவைக் காட்சியையும் காட்டினார்கள். பிறகு, சலிப்பூட்டும் ஒரு படிவத்தை நிரப்பி உதவ முடியுமா என்று கேட்டார்கள். நற்செயலைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ இருமடங்கு நேரம் உட்கார்ந்து உதவினார்கள்.

படம் என்றால் என் தேர்வு 1993இல் வந்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’. நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காசு கொடுத்துக் காப்பாற்றிய ஷிண்ட்லர் என்ற தொழிலதிபரின் கதை. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே ஒரு சிறுமிக்கு மட்டும் சிவப்புச் சட்டை. கூட்டத்தில் அவளை நம் கண் தேடுகிறது. அது உணர்ச்சியின் வழி. முடிவில் ஷிண்ட்லர் கணக்குப் போடுகிறார்: இந்தக் காரைக் கொடுத்திருந்தால் பத்துப் பேர், இந்தத் தங்க ஊசிக்கு இரண்டு பேர். கணக்கு, நியாயத்தின் வழி. ஆனால் அந்தக் கணக்கில்தான் அவர் உடைந்து அழுகிறார். பிறகு படம் வண்ணத்துக்கு மாறுகிறது. உண்மையில் பிழைத்தவர்களே வந்து அவர் கல்லறையில் கல் வைக்கிறார்கள். இது கதை இல்லை என்ற நம்பகம் அங்கே வருகிறது. கேட்பவரை இணங்க வைக்க அரிஸ்டாட்டில் சொன்ன உணர்ச்சி, நியாயம், நம்பகம் என்ற மூன்று வழிகளும் ஒரே படத்தில் இப்படிப் பின்னி வந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெற்றுத்தளத்துக்கு இந்தப் படம் ஒத்துவராது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

நம்பகத்துக்கு நம்மிடமே எம்ஜிஆர் இருந்தார். திரையில் ஏழைக்குக் கொடுத்தார். வெளியே சென்னை ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்தார். என் தலைமுறை இரண்டையும் சேர்த்தே நம்பியது.

பொங்கோல் அம்மா

என் படம் ‘இலோ இலோ’. 2013இல் கான் திரைப்பட விழாவில் தங்கக் கேமரா விருது வாங்கிய நம் ஊர்ப் படம். 1997 பொருளியல் நெருக்கடி நேரத்தில் ஒரு வீட்டுக்கு வரும் பிலிப்பினோ பணிப்பெண்ணின் கதை. இயக்குநர் அந்தோணி சென் தன் சிறுவயதில் இருந்து எடுத்த கதை அது. ஊரில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்து இங்கே அடுத்தவர் பிள்ளையை வளர்க்கிறாள். படத்தில் யாரும் நமக்குப் பாடம் எடுப்பதில்லை, முதலாளியம்மாவைக் கெட்டவளாகவும் காட்டவில்லை. அதனால்தான் என்னால் அந்த முதலாளியம்மாவின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்க முடிந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டுப் பெண்ணிடம் அவள் மகனின் பிறந்தநாளைக் கேட்டுச் சமையலறை நாட்காட்டியில் எழுதினேன். வாராந்திர ஓய்வு நாளை அவளே முடிவு செய்கிறாள். 2023 முதல் மாதம் ஒரு நாளாவது கட்டாயம் கொடுக்க வேண்டும், காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது என்பது சட்டம். என் வீட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. தொடங்கி வைத்தது அந்தப் படம்.

அங் மோ கியோ வாசகி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா, இன்னும் ஒன்று. படத்துக்கு முன்னால் தனியாக வசிக்கும் மூத்தோர் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் காட்டலாம் என்று குழுவில் சொல்கிறார்கள். சரிவருமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வேண்டாம் அம்மா. 2007இல் வந்த ஓர் ஆய்வில், மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். அவளோடு சேர்த்துப் பஞ்சத்தின் புள்ளிவிவரங்களையும் படித்தவர்களின் கை சுருங்கிவிட்டது. எண் சொல்வதானால், பார்ப்பவர் செய்ய வேண்டியதன் எண்ணைச் சொல்லுங்கள்: ஒரு கதவு, வாரம் 15 நிமிடம்.

அங் மோ கியோ வாசகி

அப்படியானால் முடிவு செய்துவிட்டேன். முதலில் தாய்லாந்து விளம்பரம். அது முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஏற்கெனவே கதவு தட்டும் எங்கள் புளோக்கின் இரண்டு தொண்டூழியர்கள் பேசுவார்கள். பேச்சு முடிவதற்குள் பெயர் எழுதும் தாளை வரிசை வரிசையாகக் கொடுத்துவிடுவோம், மேசைக்கு யாரும் நடந்து வர வேண்டாம். துவாஸ் தம்பி, பஸ்ஸில் நடந்ததை நீங்கள் அங்கே வந்து சொல்ல முடியுமா? இங்கே எழுதியது போலவே சொன்னால் போதும்.

துவாஸ் ஊழியர்

மேடையில் பேசிப் பழக்கமில்லை அக்கா, ஆனால் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலை இல்லை, நண்பர்கள் இரண்டு பேரும் வருவார்கள். எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் சொல்லுங்கள், விடுதிக்குத் திரும்பக் கடைசி பஸ்ஸைப் பார்க்க வேண்டும்.