காப்டிக் கையெழுத்துப் பிரதியில் சொல் பிரிக்க வரவில்லை, உதவி தேவை

பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக்கின் எழுத்துகள் தெரியும், ஆனால் பழைய கையெழுத்துப் பிரதியின் படத்தைத் திறந்தால் ஒரு வரியைக்கூடச் சொற்களாகப் பிரிக்க முடியவில்லை. படிப்பது அதன் வட்டார வழக்குகளில் ஒன்றான சஹிதிக். வேலைக்காகக் கெய்ரோவில் இருக்கிறேன், ஜனவரியிலிருந்து தனியாகப் படிக்கிறேன். 1945ல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த காப்டிக் சுவடிகளை மூலத்திலேயே வாசித்துவிட வேண்டும் என்று மிகுந்த ஆசை.

கிரேக்கத்திலிருந்து வந்த 24 எழுத்துகளும் தெமோத்திக் என்ற பழைய எகிப்திய எழுத்துமுறையிலிருந்து வந்த 6 எழுத்துகளும் தடங்கல் இல்லாமல் வருகின்றன. இடைவெளி விட்டு அச்சிட்ட மாற்கு நற்செய்தி என்றால் அகராதியோடு மெதுவாக நகர்வேன். பிரதியில் இடைவெளியே கிடையாது, காலம், எழுவாய், வினை எல்லாம் ஒட்டிக்கொண்டே வருகின்றன. 'அஃப்சோத்ம்' என்றால் 'அவன் கேட்டான்', அதில் 'அ' இறந்தகாலம், 'ஃப்' அவன், இவ்வளவு சின்னதைப் பிரித்துவிடுவேன், சுட்டும் உடைமையும் முன்னிடைச்சொல்லும் சேர்ந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறேன். பகரத்துக்கு முன்னால் 'ன்' என்பது 'ம்' ஆகிவிடுவது வேறு. எழுத்துக்கு மேலே வரும் கோடு அசையைக் காட்டுகிறதே தவிர, சொல் எங்கே முடிகிறது என்று காட்டுவதில்லை.

1939ல் வெளியான, கிரம் தொகுத்த காப்டிக் அகராதியைப் பார்த்தேன், அது மெய்யெழுத்து வரிசையில் போகிறது, சொல்லைப் பிரிக்காமல் அதில் தேடவே முடியாது. இங்கே ஒரு தேவாலய வகுப்புக்கும் போனேன், அங்கே சொல்லித் தருவது பொஹைரிக் என்ற வேறு வழக்கு, அதுவும் வழிபாட்டு உச்சரிப்பு. அப்புறம் பிரதியைக் கையால் எழுதிப் பிரித்தும் பார்த்தேன், சரியா தவறா என்று ஒப்பிட எதுவும் இல்லை.

பிரதியின் படமும் அதே பக்கத்தின் சொல் பிரித்த வடிவமும் சேர்ந்து கிடைக்கிற, தொடக்கநிலைக்கு ஏற்ற சஹிதிக் பனுவல் எது?