நெய் இல்லாமல் கும்மாயம் கிண்டியது

பாலையும் நெய்யையும் விட்டு எனக்கு நாலு வருஷம் ஆகிறது. கறியும் முட்டையும் அதற்கு முன்னாலேயே விட்டாச்சு. வீகன் என்று சொன்னால் எங்கள் பக்கம் புரியாது, நனிசைவம் என்றால் இன்னும் புரியாது. அதனால் "பால், நெய் சேர்க்கிறதில்லை" என்று மட்டும் சொல்லிவிடுவேன். "ஏன் ஆத்தா, வயித்துக்கு ஒத்துக்கலையா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

ஒத்துக்காமல் இல்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில் பால் கறக்க வருபவர் சைக்கிள் பின்னால் ஒரு வைக்கோல் கன்று கட்டிக்கொண்டு வருவார். செத்துப்போன கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்தது. அதை மாட்டின் முன்னால் நிறுத்துவார், மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். அப்போது எனக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. வளர்ந்த பிறகு ஒரு நாள் டம்ளரைக் கையில் எடுத்தபோது அந்த நாக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு குடிக்க முடியவில்லை.

கோயம்புத்தூரில் வேலை, தனிச் சமையல். அங்கே ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் ஊருக்கு வரும்போதுதான். செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, இன்னமும் அடுப்படி அவர்கள் கையில்தான். நான் விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான், "இந்த வீட்டுச் சொவத்துல முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசியிருக்கு. அதுல சாயாம இருப்பியா?" என்று கேட்டார்கள். சுண்ணாம்பும் கடுக்காயும் வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு அது, தொட்டால் சலவைக்கல் மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். "சாஞ்சுக்கிறேன் அப்பத்தா, இனிமே புதுசாப் பூச மாட்டேன்" என்றேன். சிரித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து உளுந்து இனிப்பான கும்மாயத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். எங்கள் வீட்டு அளவு இது: உளுத்தம்பருப்பு ஓர் ஆழாக்கு, பச்சரிசியும் பாசிப்பருப்பும் கால் கால் ஆழாக்கு. தனித்தனியாக வாசம் வர வறுத்து அரைத்து, சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். மாவுக்கு மூன்று பங்கு தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, நெய்யில் வறுத்த மாவில் ஊற்றிக் கட்டி விழாமல் கிண்ட வேண்டும். நெய் எவ்வளவு என்று கேட்டால், "குடிக்கிற மட்டும் ஊத்து" என்பார்கள். மாவு நெய்யைக் குடித்துக் குடித்து, போதும் என்கிறபோது வெளியே கக்கும். அதுதான் பதம்.

முதல் தடவை நெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் ஊற்றினேன். கிண்டும்போது பளபளவென்று அழகாகத்தான் வந்தது. மார்கழி மாதம். மறுநாள் காலையில் பாத்திரத்தைத் திறந்தால் மேலெல்லாம் வெள்ளைத் திட்டு, உள்ளே கெட்டிப்பட்டுக் கரண்டி இறங்கவில்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், மார்கழிக் காலைக் குளிர் அதற்குப் போதும். உளுந்து வாசத்தையும் அது அமுக்கிவிட்டது. அப்பச்சி, அதாவது என் அப்பா, ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாருக்கு" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து நான்தான் மெதுவாக ஆரம்பித்தேன். "நான் பெரியவளானப்போ உளுந்தங்களி கிண்டிக் குடுத்தீங்களே, அதுல என்ன ஊத்துனீங்க?"

அப்பத்தா என்னைப் பார்த்தார்கள். "நல்லெண்ணெய்தான். இடுப்புக்குப் பெலம்னு."

"அதுவும் உளுந்து, இதுவும் உளுந்துதானே?"

பதில் சொல்லாமல் எழுந்து போய்ச் செக்கில் ஆட்டின நல்லெண்ணெய்த் தூக்கை எடுத்து வந்தார்கள். பாதி எண்ணெயில் மாவை வறுக்கச் சொன்னார்கள், மீதியைக் கிண்டக் கிண்ட ஓரத்தில் விடச் சொன்னார்கள். வெல்லம் வேண்டாம், கருப்பட்டிதான் நல்லெண்ணெய்க்குத் தாங்கும் என்றார்கள். முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருண்டு திரண்டு, ஓரமெல்லாம் எண்ணெய் கக்கி வந்தபோது ஒரு சொட்டு எடுத்து விரலில் உருட்டிப் பார்த்து, "இது வேற பண்டம். ஆனா பண்டம்" என்றார்கள். நெய்க் கும்மாயத்தின் மணம் இதில் வராது, வரும் என்று நான் சொல்ல மாட்டேன். இதற்கு வறுத்த எள்ளும் கருப்பட்டியும் சேர்ந்த ஒரு கனமான வாசம் உண்டு, மறுநாளும் இளக்கமாகவே இருக்கிறது.

எனக்குப் பிடிபட்டது ஒன்று. நம் சமையலில் நெய்யும் பாலும் எல்லா இடத்திலும் ஒரே வேலை செய்வதில்லை. கும்மாயத்தில் நெய்தான் பதம். பால் பணியாரத்துக்கு உயிர் தேங்காய்ப்பால்தான், மாட்டுப்பால் அளவு கூட்டத்தான். கவுனி அரிசியில் நெய் மரியாதைக்கு ஊற்றுவது. ராத்திரி ஊறவைத்த கவுனியை ஊறின தண்ணீரிலேயே வேகவைத்து, சீனியும் துருவின தேங்காயும் ஏலக்காயும் போட்டால் தேங்காயின் பசையே போதும். அது பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நம் ஆட்களோடு வந்த அரிசி. வெண்டைக்காய் மண்டியில் பாலும் நெய்யும் எப்போதுமே கிடையாது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் போட்டுக் கொதிக்கவிட்டால் தானாகக் கொழகொழவென்று வரும். நான் நாலு வருஷமாகத் தேடின சாப்பாட்டில் பாதி எங்கள் அப்பத்தா தினமும் சமைத்துக்கொண்டிருந்ததுதான்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்களேன். செய்முறை மட்டும் போதாது, யார் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து, ஒரு அம்மா

நான் வீகன் இல்லை, என் மகன். போன வருஷம் காலேஜ் லீவுக்கு வந்தவன் தயிர் வேண்டாம்னுட்டான். தயிர்சாதம் இல்லாம எந்திரிக்காத பிள்ளை. எனக்கு மனசே ஆறலை. வெறுஞ்சோத்துல ரசத்தை ஊத்திட்டு எந்திரிச்சுப் போறதைப் பாத்தா எந்தத் தாய்க்குத் தாங்கும்?

அவனே ஒரு நாள் வேர்க்கடலையை ராத்திரி ஊறப்போட்டு, தோலை உரிச்சு, ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி விட்டு அரைச்சுத் துணியில வடிகட்டுனான். அந்தப் பாலைக் காய்ச்சி, கைபொறுக்கற சூட்டுல பச்சைமிளகாய்க் காம்பு ஏழெட்டைக் கிள்ளிப் போட்டான். "என்னடா கூத்து இது"ன்னேன். "காம்பே உறை ஊத்தும்மா" அப்படின்னான். நான் நம்பலை. காலையில பாத்தா உறைஞ்சிருந்துச்சு, ஆனா தளதளன்னு, ஒரு மாதிரி கடலை வாடை. அதையே உறையா வச்சு மறுநாள் ஊத்துனது கெட்டியா விழுந்துச்சு. அடுப்பு மேடைக்குப் பக்கத்துல சூடான இடத்துல வைக்கணும், அதை நான்தான் சொன்னேன்.

கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டுனா அந்த வாடை தெரியலை. மோர்க்குழம்பு வச்சேன், தேங்காயும் சீரகமும் அரைச்சு விட்டதுல வீட்டுல வேற யாரும் கண்டுபிடிக்கலை. காபிக்குத்தான் இன்னும் ஒண்ணும் சரியா அமையலை. சுக்குமல்லிக் காபி குடிக்கறான்.

தேவகோட்டையிலிருந்து

எனக்குக் கோலா உருண்டைதான் போராட்டம். சனிக்கிழமை ஆனா மனசு அதுக்கே போகும். பலாக்காயில செஞ்சேன். முதல் ஈடு எண்ணெயில போட்டதும் கரைஞ்சு, சட்டி பூராத் தூளாப் போச்சு. காரணம் தண்ணிதான். வேகவச்ச பலாக்காயைத் துணியில கட்டி முறுக்கிப் பிழியணும், கையால பிழிஞ்சா பத்தாது. அப்புறம் சோம்பு, கசகசா, தேங்காய், வரமிளகாய், பூண்டு அரைச்சுச் சேத்து, பொட்டுக்கடலை மாவைக் கொஞ்சம் கொஞ்சமா, உருண்டை கையில ஒட்டாத மட்டும் போடணும். கறிக்கோலாவுக்கும் பொட்டுக்கடலைதானே பிடிப்பு, முட்டை எப்பவுமே தேவையில்லை. ஒரே ஒரு உருண்டையை முதல்ல போட்டுப் பாத்துட்டு மத்ததைப் போடுங்க.

கல்பாசியும் மராட்டி மொக்கும் சரியா விழுந்தா நாக்கு கறியைத் தேடறதில்லை. இது என் அனுபவம்.

காரைக்குடியிலிருந்து, சமையல் வேலை பார்ப்பவர்

முப்பது வருஷமா விசேஷ வீடுகளுக்குச் சமைக்கிறேன். இப்பல்லாம் ஒவ்வொரு கல்யாணத்துலயும் ரெண்டு மூணு பேர் பால், நெய் இல்லாமக் கேக்குறாங்க. தயவுசெய்து பந்தியில உக்காந்துட்டுக் கேக்காதீங்க. அப்ப நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. காலையில அடுப்படிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா, பருப்பை நெய் விடுறதுக்கு முந்தியே ஒரு சட்டியில தனியா எடுத்து வச்சிருவேன்.

நெய் ஒளிஞ்சிருக்கற இடம் சொல்றேன். ரவையை நெய்யிலதான் வறுப்போம். பாயசத்துக்கு முந்திரி, திராட்சை நெய்யிலதான். வெள்ளைக் குருமாவுல தயிர் இருக்கலாம். வெள்ளைப் பணியாரத்து மாவுல வெளுப்புக்காக ஒரு கரண்டி பால் விடுறவங்க உண்டு. அதுக்கெல்லாம் அவசியமே இல்லை. பழைய பச்சரிசியும் புது உளுந்தும் இருந்து, மாவை நைசா ஆட்டி, எண்ணெய் சுத்தமா இருந்தா வெளுப்பாத்தான் வரும். வேணும்னா கெட்டித் தேங்காய்ப்பால் விடுங்க.

பால் பணியாரத்துல நிறையப் பேர் பண்ற தப்பு, முதல் பாலைக் கொதிக்க விடறது. கொதிச்சாத் திரிஞ்சிரும். ரெண்டாம் பாலைச் சீனியோட காய்ச்சி இறக்கிட்டு, முதல் பாலை அடுப்புக்கு வெளிய வச்சுச் சேக்கணும். அன்னைக்கே சாப்பிட்டுரணும், ராத்தாங்காது.

புதுவயலிலிருந்து

சமையலை விட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், மன்னிக்கவும். இரண்டு வருஷம் பால்கூட இல்லாமல் இருந்த பிறகு எனக்குப் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது, படியேறினால் மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவு. தாவர உணவிலிருந்து அது நம்பும்படியாகக் கிடைக்காது. மாவு புளித்தால் வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி இருந்துவிட்டேன், அது தப்பு. உடம்பில் சேமிப்பு இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது, தெரியும்போது நாள் கடந்திருக்கும். இப்போது டாக்டர் சொன்ன மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் மாதமே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது சைவம் என்பதற்கு, உள்ளே பால் பவுடர் இருக்கலாம். வீகனுக்கென்று தனி அடையாளம் 2022 விதிகளில் வந்திருக்கிறது, பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்து. அது இல்லாவிட்டால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்கிற பட்டியலைப் படிப்பதுதான் வழி.

மறுபடியும் நான், கானாடுகாத்தான் பக்கம்

மிளகாய்க் காம்புத் தயிரை நேற்றே உறை ஊற்றினேன். அப்பத்தா மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்கள், அதனாலேயே கொஞ்சம் தளர்ந்துவிட்டது. இன்றைக்கு மறுபடியும் ஊற்றியிருக்கிறோம். பி12 பற்றிச் சொன்னதற்கு ரொம்ப நன்றி, என் ரத்தப் பரிசோதனை அடுத்த வாரம்.

முதலில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. சொல்லத் தயக்கமாக இருந்தது. பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள், புது வேட்டியிலிருந்து உருவின இருபத்தொரு இழைத் திரியை நெய்யில் நனைத்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளுவோம். எங்கள் வீட்டில் அப்பச்சி எடுத்துக் கொடுப்பார். நான் எந்த ஊரில் இருந்தாலும் அதற்கு வந்துவிடுவேன். முதல் மூன்று வருஷமும் வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு சொட்டு நெய்யை வேண்டாம் என்று அப்பச்சி முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழுங்கிவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். சாமிக்கும் துரோகம், மாட்டுக்கும் துரோகம் என்று இரண்டு பக்கமும் குத்தும்.

போன நோன்பன்று சாயங்காலம் ஆவாரம்பூவும் பொரியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். அப்பத்தா மாவைப் பிசைந்து முடித்து, ஒரு பிடியை மட்டும் நெய் படாமல் தனித்தட்டில் எடுத்து வைத்தார்கள். அதில் வைத்த திரியை நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் நனைத்தார்கள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என் முறை வந்தபோது அப்பச்சி கை நெய்த்தட்டுப் பக்கம் போனது. அப்பத்தா மற்றத் தட்டை அவர் முன்னால் நகர்த்தி, "பிள்ளைக்கு இது" என்றார்கள்.

அப்பச்சி தட்டைப் பார்த்தார், அப்பத்தாவைப் பார்த்தார். பிறகு ஏற்றி என் கையில் கொடுத்தார்.

இந்த வருஷத்து நோன்புக்கு எள் வாங்கிக் காயப்போட்டாகிவிட்டது. வெயில் நன்றாக அடித்தால் திங்கட்கிழமை செக்கடிக்குக் கொண்டுபோக வேண்டும்.