எல்லைக்குப் போய்வந்தால் பெர்மிட் கிடைக்குமா?

கனடா வந்து சில மாதங்களே ஆன தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, நயாகராவுக்கு ஒரு நடை போய்வந்தால் வேலை பெர்மிட்டை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்களாமே?" யாரோ ஊர்க்காரர் சொன்னாராம். அவர் பொய் சொல்லவில்லை, அவர் வந்த காலத்துக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

அதற்கு ஃபிளாக்போலிங் என்று பெயர், ஃபிளாக்போல் என்றால் கொடிமரம். 2024 வரை அது நடந்தது இப்படித்தான். ஆன்லைனில் விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எல்லையில் நுழைகிறவருக்கோ அதிகாரி அங்கேயே முடிவு சொல்லிவிடுவார். சரி, உள்ளே இருக்கிற நாமும் நுழைகிறவராக மாறிவிட்டால்? நயாகராவில் இரண்டு நாட்டையும் இணைக்கிற ரெயின்போ பாலத்தைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் போக வேண்டியதுதான். அமெரிக்க விசா கூட வேண்டாம். உள்ளே விட முடியாது என்று ஒரு தாளைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் தாளோடு கனடா கவுண்டரில் வந்து நின்றால் நாம் புதிதாக வந்தவர். கோயிலில் கொடிமரத்தைச் சுற்றுவது மாதிரிதான். நானும் சுற்றியிருக்கிறேன்: இட்லிப் பொட்டலத்தோடு காலையில் போய், நாலு மணி நேரம் நாற்காலி தேய்த்து, பெர்மிட்டோடு வீடு வந்தேன்.

அப்போது இதில் சட்டமீறல் எதுவும் இருக்கவில்லை. ஆனால் 2023 ஏப்ரலில் இருந்து 2024 மார்ச் வரைக்குள் 69,300 பேருக்கு மேல் இப்படிச் சுற்றினார்கள். எல்லை அதிகாரிகளின் நேரமெல்லாம் இதிலேயே போனது. முதலில் 2024 ஜூன் 21 அன்று படிப்பு முடித்தவர்களுக்கான வேலை பெர்மிட்டை இப்படிச் சுற்றி வருகிறவர்களுக்கு எல்லையில் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 23 இரவோடு மற்ற வேலை, படிப்பு பெர்மிட்டுகளுக்கும் கதவை அடைத்தார்கள். அமெரிக்கக் குடிமக்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு.

இப்போது செய்ய வேண்டியது: கையில் இருக்கும் பெர்மிட் முடியும் முன்பே ஆன்லைனில் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வரும்வரை அதே நிபந்தனைகளோடு வேலையைத் தொடரலாம். இடையில் கனடாவை விட்டு வெளியே போனால்தான் சிக்கல்.

அப்புறம், "எல்எம்ஐஏ வாங்கித் தருகிறேன், பிஆர் புள்ளி ஏறும்" என்று காசு கேட்பவர்கள் இன்னும் சுற்றுகிறார்கள். எல்எம்ஐஏ என்பது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளிக்கு அரசு தரும் ஒப்புதல்; பிஆர் என்பது கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை. வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு, புள்ளி போட்டு பிஆருக்கு ஆள் எடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 50 புள்ளி, உயர் நிர்வாகப் பதவி என்றால் 200 புள்ளி கிடைத்தது உண்மை. கடிதங்கள் விலைக்குப் போவதைப் பார்த்துத்தான் 2025 மார்ச் 25 அன்று அந்தப் புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். போலி வேலை என்று பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. அது கடிதத்தை விற்றவருக்கு இல்லை, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட உங்களுக்கு.