காசு முடையான மாதத்தில் முதலில் நிற்பது யாருடைய மாத்திரை?

முக்கூடல் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பெண்களுக்குப் பீடி சுற்றுவதுதான் பிழைப்பு. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும் வாரக்கூலி தடுமாறியது. 2020 மார்ச் ஊரடங்கில் இலையும் தூளும் வரவே இல்லை. இரண்டு தடவையும் என் கடையில் கத்தரிக்கோலுக்குத்தான் வேலை கூடியது. "அண்ணாச்சி, அட்டையா வேண்டாம். நாலு மட்டும் வெட்டித் தாங்க." காலாவதித் தேதி அச்சடித்த ஓரத்தை எப்போதும் கடைசிக்கு விட்டுத்தான் வெட்டுவேன்.

யாருக்காக வெட்டச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். வீட்டுக்காரருக்கு முழு அட்டை, தனக்கு நாலு. ஒரு அக்காவுக்குச் சுகரும் உண்டு, பிரஷரும் உண்டு. காலையும் ராத்திரியும் போட வேண்டியதை ராத்திரி மட்டும் போட்டார். கேட்டால், "வேலை வரட்டும், அடுத்த வாரம் பாத்துக்கிடுதேன்" என்பார். அவர் வீட்டுக்காரரின் நெஞ்சுவலி மாத்திரை ஒருநாளும் தவறியதில்லை. கடைசியில் கால்விரல் புண் ஆறாமல், பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அதே தெருவில் மாதச் சம்பளம் வாங்கும் வாத்தியார் வீட்டில், அதே சுகருக்கு, ஊரடங்கு அறிவித்ததுமே மூன்று மாத மருந்தை மொத்தமாக வாங்கி வைத்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தானே என்பீர்கள். இலவசம்தான். ஆனால் போய்வர ஒரு பகல் போய்விடும். பீடிக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. சுளகை மடியில் வைக்காத நாளில் காசு இல்லை. ஊரடங்கிலோ பஸ்ஸே ஓடவில்லை.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து:
அம்மா பீடி சுற்றித்தான் என்னை நர்சிங் படிக்க வைத்தார். பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் நலநிதி மருத்துவமனையில் பார்க்கலாம். 1976ல் சட்டம் போட்டு, பீடி மேல் வசூலித்த தீர்வையில்தான் அந்த நிதியே நடந்தது. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது தீர்வையை எடுத்துவிட்டார்கள். தொழிலாளிக்கென்றே வந்த பணம் அது. இப்போது பட்ஜெட்டில் ஒதுக்குவதை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை.

கிரீஸில் 2010க்குப் பிறகு கடன் நெருக்கடியில் நடந்ததைப் படித்தபோது அம்மாவின் அட்டைதான் ஞாபகம் வந்தது. அங்கே மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போன லட்சக்கணக்கான பேருக்குக் காப்பீடும் போயிற்று. அரசோ அதே சமயத்தில் ஆஸ்பத்திரிச் செலவையும் வெட்டியது. காப்பீடு இல்லாதவர்களும் அரசு மருத்துவம் பெற 2016ல்தான் சட்டம் வந்தது. நடுவில் போன வருடங்களில் சுகரும் பிரஷரும் காத்திருக்குமா?

பேட்டையிலிருந்து:
என் அத்தை குடும்பம் கொழும்பில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. மருந்தில் பெரும்பகுதி அங்கே இறக்குமதிதான். டாலர் இல்லை என்றதும் மருந்தும் இல்லை. பேராதனை மருத்துவமனையில் அதற்கு முந்தைய மாதமே, அவசரமில்லாத ஆபரேஷன்களை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அத்தைக்குத் தைராய்டு மாத்திரையை, இங்கிருந்து போகிறவர்களின் பெட்டியில் கொடுத்துவிட்டோம். அவர் வீட்டில் வேலை செய்த அம்மாவுக்கு அப்படி யாரும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி, வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம். வெளியே விற்ற விலைக்கு அவரால் வாங்க முடியவில்லை. அதே தைராய்டுதான். அத்தை தன்னுடையதில் பங்கு கொடுத்தார், அப்புறம் நாங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே அனுப்பினோம்.

மருந்துக்கடைக்காரர்:
பங்கு போட்ட அந்த அத்தைக்கு என் வணக்கம். நான் சொன்ன அக்காவுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் எழுதிக் கொடுத்தோம். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே வருடம் மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸும் இலவசம் என்பதால், ரத்தப் பரிசோதனைக்கும் தவறாமல் போகிறார். உங்கள் தெருவில் மாத்திரை நிறுத்தியவர்கள் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பெயரை எழுத வையுங்கள். சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, அங்கேயே பார்த்துப் புதிதாக எழுதுவார்கள்.