அவசர உதவி: பேட்டரி மறுபடியும் செத்துவிட்டது

ஈசூன்காரன் | திங்கள், காலை 6:48
வணக்கம். மோட்டார்சைக்கிள் மறுபடியும் கிளம்பவில்லை. பொத்தானை அழுத்தினால் டிக் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வருகிறது. மூன்று மாதத்தில் இது இரண்டாவது பேட்டரி. போன திங்களும் இதே கதைதான். கடையில் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டு "பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். என்ன கோளாறாக இருக்கும்? ஏழரைக்கு வேலை. சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைக்கோட்டு | 6:55
என்ன வண்டி? எத்தனை வருடம் ஆயிற்று? கிக்கர் உண்டா?

தேக்கா தம்பி | 7:02
அண்ணே, கார்புரேட்டர் வண்டியா, இன்ஜெக்‌ஷனா? கார்புரேட்டர் என்றால் கவலையே வேண்டாம். பலமாடி வாகன நிறுத்துமிடம்தானே? சரிவுப்பாதை வரை தள்ளிக்கொண்டு போய், இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி உருட்டிவிட்டு, பாதியில் விடுங்கள். நான் ஒரு மாதம் நான்காவது மாடியிலிருந்து அப்படித்தான் வேலைக்குப் போனேன். மாலையில் திரும்பி வந்ததும் மறுபடியும் நான்காவது மாடியில்தான் நிறுத்துவேன். தரைத்தளத்தில் நிறுத்தினால் மறுநாள் கதை முடிந்தது.

பழைய இரும்பு | 7:20
வண்டியின் பெயர் இல்லை, வயது இல்லை, வோல்ட் இல்லை. வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு நாக்கைக்கூட நீட்டாமல் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. பரவாயில்லை, இருபது வருடத்துக்கு மேல் பட்டறையில் நின்றவன் என்பதால் பார்க்காமலே சொல்கிறேன்: ரெகுலேட்டர், அதாவது பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் பெட்டி. பேட்டரி பேட்டரியாக மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் பத்தில் ஏழு பேருக்கு அதுதான். சூடேறிச் சூடேறி உள்ளே டையோடு போய்விடும், வண்டி ஓடும்போது பேட்டரிக்கு ஒன்றும் ஏறாது. மீதியைத் தம்பி வந்து விவரம் சொன்ன பிறகு பார்ப்போம்.

உட்லண்ட்ஸ் வாசி | 7:41
ஓபியு, அதுதான் சிங்கப்பூரின் புதிய சாலைக்கட்டணக் கருவி, மாட்டிய பிறகுதானே இந்தத் தொல்லை? அதற்கு முந்தைய ஐயு கருவி இருந்தவரை யாராவது இப்படிப் புலம்பிக் கேட்டதுண்டா? இப்போது திரையோடு ஒரு பெட்டியைக் கைப்பிடியில் கட்டிவிட்டார்கள். என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான்.

மழைக்கோட்டு | 7:44
எனக்கும் ஓபியு மாட்டியாயிற்று. இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தேன், முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. கேட்டவர் எங்கே?

ஈசூன்காரன் | பிற்பகல் 12:35
மன்னிக்கவும், பஸ்ஸில் வேலைக்கு வந்துவிட்டேன். இன்ஜெக்‌ஷன். 200 சிசி. 2பி உரிமத்தில் ஓட்டும் வண்டிதான். ஐந்து வருடம். கிக்கர் இல்லை. கூடுதலாக எதுவும் மாட்டவில்லை. ஓபியு போன வருடமே போட்டாயிற்று.

பழைய இரும்பு | 12:50
அப்படியானால் தள்ளிக் கிளப்புகிற வேலை வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் பெட்ரோல் பம்பும் கணினியும் உயிர்பெறக் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு காலியாக இருந்தால் சரிவில் உருண்டு கீழ்த்தளம் போய்ச் சேர்வீர்கள், அவ்வளவுதான்.

ஒரு மல்டிமீட்டர் தேடுங்கள். யாரிடமாவது சார்ஜ் வாங்கி வண்டியைக் கிளப்பி, பேட்டரியின் இரு முனைகளில் வைத்து அளக்க வேண்டும். ஐட்லிங்கில் அல்ல, ஆக்ஸிலேட்டரைத் திருகி நாலாயிரம், ஐயாயிரம் சுற்றில். 13.8க்கும் 14.5க்கும் நடுவே நின்றால் சார்ஜ் ஏறுகிறது. 12.5ஐத் தாண்டவே இல்லையென்றால் ரெகுலேட்டர் அல்லது ஸ்டேட்டர் (இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள்). 15ஐத் தாண்டினால் கண்டிப்பாக ரெகுலேட்டர். உங்களுடையது 12.5ஐத் தாண்டாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்பாலம் கடந்தவன் | 1:15
எதற்கு இவ்வளவு அலைச்சல்? எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போய்ப் பேட்டரி மாற்றுங்கள். இங்கே எழுபது, எண்பது வெள்ளி கேட்பதை அங்கே ரிங்கிட்டில் கொடுத்துவிட்டு வரலாம். அப்படியே சாப்பிட்டுவிட்டும் வரலாம்.

மழைக்கோட்டு | 1:22
கிளம்பாத வண்டியை ஜோகூருக்கு எப்படிக் கொண்டுபோவது?

சொல்லாய்வன் | 1:40
இழையைத் திசைதிருப்புவதாக எண்ண வேண்டாம். தமிழ்க் குழுவில் இத்தனை பேர் எழுதுகிறோம், ஒருவர்கூட மின்கலம் என்று எழுதவில்லை. பேட்டரி, பேட்டரி, பேட்டரி. நல்ல சொல் கையில் இருக்கும்போது எதற்கு இரவல்?

பழைய இரும்பு | 1:58
நல்ல சொல்தான் ஐயா, ஆனால் தவறான இடத்தில் வைக்கிறீர்கள். மின்கலம் என்பது ஒற்றை அறை. இந்தப் பெட்டிக்குள் ஆறு அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் முழுதாக ஏறியிருந்தால் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால்தான் 12.6. ஆக இது மின்கல அடுக்கு. ஒன்றுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியாமல் சொல்லாய்வு எதற்கு?

சொல்லாய்வன் | 2:10
அடுக்கு என்பதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் தொனியில்தான் மறுப்பு. மேலும், நீங்களே அதை மின்கல அடுக்கு என்று எழுதவில்லையே?

செம்பவாங் பேரன் | 2:31
என் தாத்தா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். கடைசிவரை "பாட்டரி" என்றுதான் சொன்னார். டார்ச் லைட்டுக்குள் போடுவதும் பாட்டரி, லாரியில் இருப்பதும் பாட்டரி, எனக்குக் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் "பாட்டரி மாத்து" என்பார். நாங்கள் திருத்தவில்லை.

தேக்கா தம்பி | 2:40
ஐயா, அந்த ஆறு அறையில் ஒன்று மட்டும் செத்துப்போனால்?

பழைய இரும்பு | 2:52
இப்போதுதான் ஒரு நல்ல கேள்வி வந்திருக்கிறது. ஐந்து அறை, ஐந்து முறை 2.1. எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் 10.5 பக்கத்திலேயே நின்றுவிடும். பேட்டரியை எறிந்துவிட வேண்டியதுதான்.

ஈசூன்காரன் | இரவு 9:47
எதிர் புளோக் நண்பர் அவர் காரிலிருந்து கம்பி போட்டுக் கிளப்பிக் கொடுத்தார் (காரின் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான்). அவரிடமே மீட்டரும் இருந்தது. காலையில் வண்டி கிளம்பாதபோது இருந்த அதே நிலையில் முதலில் அளந்தேன்: 11.5. ஓடும்போது ஐயாயிரம் சுற்றில் 14.2. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போன வாரம் கடையில் சார்ஜ் போட்டு எடுத்தபோது 12.7 என்று சொன்னார்கள். இப்போது என்ன செய்வது?

மழைக்கோட்டு | 9:53
14.2. எழுதி வைத்தவர்கள் அழித்துவிடலாம்.

கணக்கப்பிள்ளை | 10:15
தம்பி, சார்ஜ் ஏறுகிறது, அறைகளும் உயிரோடு இருக்கின்றன. கடையில் சொன்ன 12.7 அதைக் காட்டுகிறது. ஆக, வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று குடிக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு கேள்வி. தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? மூன்று மாதத்துக்கு முன்பு என்ன மாறியது?

ஈசூன்காரன் | 10:24
எதுவும் மாறவில்லை. வண்டியில் கை வைக்கவே இல்லை. முன்பு துவாஸில் வேலை, இப்போது செம்பவாங். சமிக்ஞை விளக்குகளோடு பத்து நிமிடம். சனி, ஞாயிறு எடுப்பதில்லை, குழந்தை பிறந்ததிலிருந்து வெளியே போவதே குறைவு. இதற்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

செம்பவாங் பேரன் | 10:26
வாழ்த்துகள்! பையனா, பெண்ணா?

தேக்கா தம்பி | 10:27
வாழ்த்துகள் அண்ணே! மூன்று மாதமாகத் தூங்கவே இல்லையா? காலை 6:48 பதிவைப் பார்த்தபோதே நினைத்தேன்.

கணக்கப்பிள்ளை | 10:58
முதலில் வாழ்த்துகள். அடுத்து, சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

ஈசூனிலிருந்து துவாஸ் என்றால் சிலேத்தார், புக்கிட் தீமா, கிராஞ்சி, தீவு விரைவுச்சாலை என்று நீளமாக ஓடியிருப்பீர்கள். போக நாற்பது, வர நாற்பது நிமிடம். முன்விளக்கு, பம்பு எல்லாம் தின்றது போக பேட்டரிக்கு 2 ஆம்பியர் மிஞ்சுகிறது என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 80 நிமிடத்துக்கு 2.7 ஆம்பியர் மணி. இப்போது போக வர 20 நிமிடம், 0.7க்கும் குறைவு. வண்டியில் ஒரு மின்கசிவு முன்பிருந்தே இருந்திருக்கலாம். துவாஸ் ஓட்டம் அதை மறைத்திருக்கும். அப்போது வார இறுதியிலும் எங்காவது சுற்றியிருப்பீர்கள்.

கசிவை இப்படி அளக்கலாம். சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனைக் கம்பியை மட்டும் கழற்றுங்கள். கழன்ற கம்பிக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். மீட்டரின் சிவப்புக் கம்பியை 10ஏ என்று எழுதிய துளைக்கு மாற்றிய பிறகுதான் வைக்க வேண்டும். இது முக்கியம்: மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைப் போடாதீர்கள், ஸ்டார்ட் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். ஸ்டார்ட்டர் இழுப்பது பல பத்து ஆம்பியர்.

நல்ல நிலையில் உள்ள வண்டி நிற்கும்போது ஒரு சில மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. அதிகமாகக் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் திருடன். ஃபியூஸ் பெட்டியைத் தாண்டி நேரே பேட்டரி முனையில் ஏதாவது கம்பி கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் வாசி | 11:05
ஓபியு ஃபியூஸை முதலில் பிடுங்கிப் பாருங்கள்.

கணக்கப்பிள்ளை | 11:09
அந்தக் கருவியை நாமாகக் கழற்ற வேண்டாம். முதலில் அளக்கட்டும். எண் வரட்டும். அப்புறம் யாரைச் சந்தேகிப்பது என்று பார்க்கலாம்.

ஈசூன்காரன் | செவ்வாய், இரவு 8:20
அளந்தேன். 0.00. கசிவே இல்லை.

கணக்கப்பிள்ளை | 8:31
நல்லது. ஆனால் சுத்தமாக 0.00 என்பதுதான் உறுத்துகிறது. சாவி போட்டீர்களா?

ஈசூன்காரன் | 8:34
மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு தரம் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன்.

பழைய இரும்பு | 8:36
ஐயோ.

கணக்கப்பிள்ளை | 8:40
மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போயிற்று தம்பி. அந்தத் துளையில் இனி எதை வைத்தாலும் பூஜ்யம்தான். வேறு மீட்டர் கிடைக்குமா?

ஈசூன்காரன் | புதன், இரவு 9:12
வேலையிடத்தில் இரவல் வாங்கி வந்தேன். 0.06. எந்த ஃபியூஸைப் பிடுங்கினாலும் அதே 0.06. பிறகு நீங்கள் சொன்னபடி முனையைப் பார்த்தேன். பெரிய கம்பியோடு மெல்லிய சிவப்புக் கம்பி ஒன்றும் அதே திருகில் செருகியிருந்தது. அதைத் தூக்கியதும் 0.00. இந்த முறை பொத்தானைத் தொடவில்லை. கம்பி எங்கே போகிறது என்று இருக்கைக்குக் கீழே தடவிக்கொண்டே போனால், கேமரா.

மழைக்கோட்டு | 9:15
கூடுதலாக எதுவும் மாட்டவில்லை என்றீர்களே?

ஈசூன்காரன் | 9:17
கேமராவைக் கூடுதல் என்று நினைக்கவில்லை. இரண்டு வருடமாக இருக்கிறது. நிறுத்துமிடத்தில் யாரோ வண்டியைச் சாய்த்துவிட்டுப் போனதால் மாட்டினேன். வண்டி நிற்கும்போதும் விழித்திருக்கும் வகை. பேட்டரி குறைந்தால் தானாக அணையும் என்று அட்டையில் போட்டிருந்ததே?

கணக்கப்பிள்ளை | 9:50
அணையும், ஆனால் எந்த அளவில்? கார் பேட்டரியை மனதில் வைத்து 11.8 போல வைத்திருந்தால், உங்கள் சின்னப் பெட்டியில் அந்த எண் வருவதற்குள் பெரும்பகுதி காலி.

0.06 என்றால் 60 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 1.4 ஆம்பியர் மணி. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 8 இருக்கும். வரவு 0.7, செலவு 1.4. வார நாளில் தினமும் அரையும் முக்காலுமாகத் தேய்ந்து, வெள்ளி மாலை பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அங்கிருந்து திங்கள் காலை வரை அறுபது மணி நேரம், இன்னும் 3.6 போகிறது. மிச்சத்தில் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் ரிலே மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும். துவாஸ் போன காலத்தில் இதே 1.4தான் போயிருக்கும், ஆனால் வரவு 2.7.

கேமராக் கம்பியைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பாதைக்கு மாற்றச் சொல்லுங்கள், நடுவே சின்ன ஃபியூஸ் ஒன்று வைத்து. நிற்கும்போது படம் பிடிக்காது, அது போகட்டும். பேட்டரியையும் ஒருமுறை முழுக்க ஏற்றிவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மின்தூக்கியில் வீட்டுக்கு எடுத்துப்போய் மெல்லிய சார்ஜரில், 0.8 ஆம்பியர் போதும், இரவு முழுக்க. சன்னலோரம் வையுங்கள், குழந்தை தூங்கும் அறையில் வேண்டாம். இத்தனை முறை காலியானதால் கொஞ்சம் கொள்ளளவு ஏற்கெனவே போயிருக்கும். ஆறு மாதத்தில் மறுபடியும் தகராறு செய்தால் அதன் மேல் கோபப்படாதீர்கள்.

பழைய இரும்பு | 10:04
நேரே பேட்டரி முனையில் கம்பி கட்டாதீர்கள் என்று இந்தக் குழுவில் நான் எத்தனை தரம் எழுதியிருப்பேன். தேடிப் பார்த்தால் கிடைக்கும்.

மழைக்கோட்டு | 10:06
இந்த இழையில் தேடினேன். ரெகுலேட்டர் என்றுதான் கிடைக்கிறது.

சொல்லாய்வன் | 10:20
மின்கல அடுக்கு என்று கலைச்சொல் வேண்டுமானால் இருக்கட்டும். பேச்சில் மின்கலம் போதும் என்றே இன்னமும் கருதுகிறேன்.

ஈசூன்காரன் | பன்னிரண்டு நாள் கழித்து, திங்கள், காலை 6:50
கம்பி மாற்றியாயிற்று. இன்று காலையும் கிளம்பியது. நன்றி. பெண் குழந்தை. நண்பரின் மீட்டர் ஃபியூஸ் எங்கே கிடைக்கும்?

கணக்கப்பிள்ளை | 7:05
சிம் லிம் டவர். பழைய ஃபியூஸைக் கையோடு எடுத்துப்போங்கள், ஆம்பியர் மட்டுமல்ல, நீளமும் பொருந்த வேண்டும். இரண்டாக வாங்குங்கள்.