2012 பொலிரோ: குடும்ப ஓட்டத்துக்கும் மண் பாதைக்கும் முதலில் எதைச் செய்வது?

மாந்தோப்பு24:

வணக்கம். ஓசூரில் ஒரு கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் இடம்) 2012 பொலிரோ எஸ்.எல்.எக்ஸ். விலை பேசி அட்வான்ஸ் கொடுத்தாச்சு. மீதிப் பணம் அடுத்த வாரம். டூ வீல் டிரைவ், 1,46,000 கி.மீ., டிஎன் 29 (தர்மபுரிப் பதிவு), இரண்டாவது ஓனர்.

ஓட்டம் இப்படி: தினமும் கிருஷ்ணகிரிக்குள், மாதம் இரண்டு முறை தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், 6 வயதும் 9 வயதுமாக இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு முழங்கால் வலி. இதுபோக ராயக்கோட்டைப் பக்கம் தோப்புக்குப் போகும் வண்டிப்பாதை. லீவு நாளில் சித்தேரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் மண் ரோடுகள்.

ஓட்டிப் பார்த்ததில் தெரிந்த குறைகள்: 60-க்கு மேல் ஸ்டீயரிங் உதறுது. பிரேக் மிதித்தால் இடது பக்கம் இழுக்குது. பின்னால் வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்குது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு நிமிஷம் வெள்ளைப் புகை.

கையில் ஒரு லட்சம். இரண்டு இன்ச் லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது), 235/75 பெரிய டயர், முன்னால் புல் பார் (பம்பருக்கு முன் போடும் இரும்புக் குழாய்ச் சட்டம்), எல்.இ.டி. பார் லைட் என்று யோசனை. எதில் ஆரம்பிக்கலாம்?

டீசல்பட்டறை:

நீங்கள் சொன்ன நாலு வேலையும் கடைசி. நீங்கள் சொன்ன நாலு குறையும் முதல். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறங்கப் போகிற வண்டி பிரேக்கில் இழுக்கிறது என்றால், அதை முடிக்காமல் வேறு எதிலும் ஒரு ரூபாய் போடாதீர்கள்.

இடது பக்கம் இழுத்தால் பெரும்பாலும் குறை வலது பக்கம்தான். அந்தப் பக்கம் பிடிக்காததால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்புகிறது. முன் வலது காலிப்பரின் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) ஸ்லைடு பின் என்ற கம்பி இறுகியிருக்கலாம், பிஸ்டன் ஒட்டியிருக்கலாம். முன்னால் இரண்டு சக்கரத்துப் பேடையும் கழற்றித் தடிமனை ஒப்பிடுங்கள். ஒரே காலிப்பரில் உள் பேட் தேய்ந்து வெளிப் பேட் தேயாமல் இருந்தால் ஸ்லைடு பின் நகரவில்லை என்று அர்த்தம். சுத்தம் செய்து பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் போட்டாலே சரியாகிவிடும்.

மண்ணில் ஓடிய வண்டியில் அடிக்கடி வருவது இன்னொன்று. பின் வலது டிரம்மைக் கழற்றுங்கள். உள்ளே பிரேக் ஷூ சாம்பல் நிறமாக, காய்ந்து இருக்க வேண்டும். கறுப்பாகப் பளபளத்து, கந்தக வாடையோடு பிசுபிசுத்தால் அது பிரேக் ஆயில் இல்லை, கிரவுன் (பின் ஆக்ஸில் நடுவில் உள்ள பற்சக்கரம்) ஆயில். ஆக்ஸில் ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மட்டும் மாற்றி மூடினால் சில மாதத்தில் திரும்ப ஒழுகும். சீல் ஏன் போனது என்று பார்க்க வேண்டும். பின் ஆக்ஸில் ஹவுசிங் மேல் சின்னக் காளான் மாதிரி ஒரு மூடி இருக்கும். அதுதான் பிரீதர், ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் வழி. விரலால் தட்டினால் ஆட வேண்டும். நம்ம பக்கத்துச் செம்மண் காய்ந்து அதை அடைத்துவிட்டால், கிரவுன் சூடாகும்போது உள்ளே விரியும் காற்றுக்கு வழியில்லாமல் சீல் ஓரமாக ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் நேராக ஷூவில் இறங்கும். எனவே சீல், ஷூ, பிரீதர் மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். ஆயிலில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடுகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடேறும்போது உள்ளே ஊறியது திரும்ப வெளியே வரும். புது ஷூவை இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கிரவுன் ஆயில் மாற்றும்போது மேலே இருக்கிற ஃபில்லர் போல்ட்டை முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் கீழ் டிரெயின் போல்ட்டில் கை வைக்க வேண்டும். கீழே வடித்தபின் மேல் போல்ட் துருப்பிடித்து வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வடித்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஜிஎல்-5 தர கியர் ஆயில், மேனுவலில் சொன்ன கிரேடு, ஃபில்லர் துளை விளிம்பில் வழியும் வரை. கியர் பாக்ஸுக்கு அதே ஆயிலை ஊற்ற வேண்டாம். அதற்கு மேனுவல் ஜிஎல்-4 சொன்னால் ஜிஎல்-4 மட்டுமே. ஜிஎல்-5 சில பாக்ஸ்களில் சிங்க்ரோவின் (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) பித்தளையை அரிக்கும்.

பிரேக் ஆயில் பழசாக இருந்தால் முழுக்க மாற்றுங்கள். டாட் 4 புதிதில் 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் இழுத்த ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் காலிப்பருக்குள் ஆவி உண்டாகி பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது அதற்காகத்தான்.

உதறலுக்கு: ஸ்டீயரிங் மட்டும் உதறினால் முன் சக்கரம். சீட்டும் தரையும் சேர்ந்து அதிர்ந்தால் ப்ரொப்பல்லர் சாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு), அதன் கிராஸ் ஜாயின்ட். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி (சேஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து) மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆடுவது டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பி முனை). இதெல்லாம் முடித்த பிறகுதான் வீல் அலைன்மென்ட். ஆடுகிற ஜாயின்ட்டோடு அலைன்மென்ட் போடுவது காசுக்குக் கேடு.

சாய்வுக்கு: சமதரையில் வண்டியைக் காலியாக நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். 15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின் ஸ்பிரிங் பட்டை (லீஃப்) படுத்திருக்கிறது, இல்லையேல் ஒரு பட்டை உடைந்திருக்கிறது. பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். சீக்கிரமே திரும்பப் படுத்துவிடும். படுத்த பட்டையை இரண்டு பக்கமும் மாற்றி, சாக்கிள் புஷ் (பட்டை முனை இணைப்பின் ரப்பர்), சென்டர் போல்ட் புதிது போடுங்கள். பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட் ஒருமுறை இழுத்து முறுக்கியது. திரும்பப் போடக் கூடாது. 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட் நட்டை மறுபடி டைட் பார்க்கணும். கூடுதல் பட்டை ஒன்று சொருகலாம் என்பார்கள். காலியாகப் போகும்போது உதைத்து உங்கள் அம்மாவுக்குத்தான் வலிக்கும்.

வெள்ளைப் புகைதான் பணம் கொடுக்கும் முன் தீர வேண்டியது. புகையில் எரியாத டீசல் வாடை அடித்துக் கண் எரிந்தால் குளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றுவது) அல்லது இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சுவது). இனிப்பு வாடையும், கூலன்ட் மட்டம் இறங்குவதும் சேர்ந்திருந்தால் ஹெட் கேஸ்கெட். முதலாவது செலவு, இரண்டாவது பெரிய செலவு. இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள்: நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு ஐட்லில் ஓட்டுவார்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றதைவிட மளமளவென்று நிறைந்தால் அது தேய்ந்தது. கூடவே ஐட்லில் ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குப்குப்பென்று அடித்து மூடியைத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சின். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

டிஎன்70:

பேப்பர் பக்கம் யாரும் சொல்லவில்லை. ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதாகப் பதிவு) இருந்தால் பைனான்ஸ் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வாங்காமல் மீதிப் பணம் தரக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்குகிறவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்கணும். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள்தான் கெடு, அதைத்தான் பலரும் விடுகிறார்கள். 2012 பதிவு என்றால் 15 வருஷம் 2027-ல் முடியும், எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) பதிவுப் புதுப்பித்தலும் அப்போது வரும், விலையில் அதையும் கணக்குப் பண்ணுங்க.

புல் பார் வேண்டாம் சார். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. இடிபட்டால் அடியை நேரே சேஸுக்குக் கொண்டுபோகும். ரோட்டில் நடந்து போகிறவனுக்கும் ஆபத்து.

தொப்பூர்கணவாய்:

டயருக்கும் லிஃப்ட்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி அளவு 215/75 ஆர்15, விட்டம் 703 மி.மீ. சொச்சம். 235/75 ஆர்15 போட்டால் 733. அதாவது 30 மி.மீ. கூடுதல், அதில் பாதி, 15 மி.மீ.தான் வண்டி உயரும். அதற்கு விலை: கியரிங் 4 சதத்துக்கு மேல் நீளும். 63 குதிரைசக்தி எஞ்சின், ஆறு பேர், சித்தேரி ஏற்றம் என்றால் முதல் கியரிலேயே கிளட்ச் வாடை வர ஆரம்பிக்கும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது சுமார் 83-ல் போவீர்கள். ஸ்டீயரிங் முழுக்க ஒடித்தால் உள்ளே உரசுகிறதா என்ற கவலை வேறு.

அதே 215/75-லேயே ஆல் டெரெய்ன் (தார், மண் இரண்டுக்குமான) பூ உள்ள டயர் ஐந்து வாங்குங்கள். ஸ்டெப்னியும் அதே டயராக இருக்கணும். முழு மண் டயர் (மட் டெரெய்ன்) வேண்டாம், மழையில் தார் ரோட்டில் நிற்காது. பக்கச் சுவரில் நாலு எண் பாருங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். கடையில் ரொம்ப நாள் கிடந்த பழைய டயரை வாங்காதீர்கள். பர்கூர், சூளகிரிப் பக்கம் குவாரி ரோடுகளில் கிரானைட் சில்லு கத்தி மாதிரி கிடக்கும். அங்கே காற்றை ரொம்ப இறக்கினால் பக்கச் சுவர் உப்பி வெளியே வரும், அதைத்தான் சில்லு கிழிக்கும். கல் ரோட்டில் கதவு ஸ்டிக்கரில் சொன்னதைவிட 4 பி.எஸ்.ஐ. குறைத்தால் போதும். 20, 22 வரை இறக்குவது ஆற்று மணலுக்கு மட்டும், அதுவும் 20 கி.மீ. வேகத்துக்கு உள்ளே. தார் ஏறும் முன் திரும்ப அடிக்க வேண்டும். அதற்கு 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று, பேட்டரியில் நேராகக் கிளிப் போடுகிற வகை. லைட்டர் சாக்கெட் வகை ஃபியூஸைத் தின்றுவிடும்.

லிஃப்ட் போட்டால் ப்ரொப்பல்லர் சாஃப்ட் கோணம் மாறிப் புது அதிர்வு வரும், வளைவில் வண்டி இன்னும் சாயும். பின் ஆக்ஸிலிலிருந்து கம்பியால் இணைத்த பிரேக் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் இன்னொரு தொல்லை: பின்னால் தூக்கியதும் அந்த வால்வு வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் அம்மா ஏற வேண்டிய உயரம் இன்னும் 5 செ.மீ. கூடும். அவருக்குச் சேஸ் பிராக்கெட்டில் போல்ட் செய்கிற குழாய் ஃபுட் ஸ்டெப், நடுத்தூணில் ஒரு கைப்பிடி போடுங்கள். ஸ்டெப் சேஸின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது, வண்டிப்பாதை மேட்டில் முதலில் இடிப்பது அதுதான். அது போதாது என்றால் 20 செ.மீ. உயர மரப்படி ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கு அதுதான் சுகம்.

பிள்ளைகளைப் பின்னால் பக்கவாட்டு சீட்டில் உட்கார வைக்காதீர்கள். முன்னால் இடித்தால் உடம்பு பக்கவாட்டில் வீசும். அதைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. நடுச் சீட்டின் இரண்டு ஓரங்களில் மூன்று புள்ளி பெல்ட் இருக்கிறதா, இழுத்தால் லாக் ஆகிறதா பாருங்கள். ஆறு வயதுக்குப் பூஸ்டர் சீட். உங்கள் கணக்கில் ஒருவர் அந்தப் பக்கவாட்டு சீட்டுக்குத்தான் போக வேண்டிவரும். அது பெரியவராக இருக்கட்டும், அப்படி ஒருவர் அங்கே இருக்கும்போது தொப்பூர் வழி வேண்டாம்.

தொப்பூர் இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். நியூட்ரலில் உருட்டுவது, கிளட்ச் மிதித்தபடி இறங்குவது இரண்டும் கூடாது.

மாந்தோப்பு24:

நன்றி அண்ணா, லிஃப்ட்டும் புல் பாரும் போச்சு. பின் வலது டிரம் கழற்றிப் பார்த்தாச்சு: ஷூ ஈரம், பிரீதர் மூடி கல் மாதிரி. புகையில் டீசல் வாடைதான், கூலன்ட் இறங்கவில்லை. ரிட்டர்ன் டெஸ்ட்டில் மூன்றாவது இன்ஜெக்டர் மட்டும் அதிகம். அதை விலையில் குறைக்கிறார்கள். பிரீதரை உயர்த்தி வைக்க முடியுமா? தரைப்பாலங்களில் தண்ணீர் போகுமே. லைட்டுக்கு என்ன செய்யலாம்?

டீசல்பட்டறை:

பிரீதரை உயர்த்துவது நல்ல வேலை, அரை நாள் கூட ஆகாது. மூடியைக் கழற்றி அந்தத் திருகுக்குப் பொருந்தும் பித்தளை நிப்பிள், அதில் எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸ், கிளிப். ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, சேஸில் டை போட்டு, டீசல் மூடி உயரத்துக்குக் கொண்டுபோய் முனையைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஹோஸ் மேலே இருந்தால் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும்.

அதற்காகத் தண்ணீரில் இறங்கத் தைரியம் வந்துவிடக் கூடாது. தென்பெண்ணையில் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணை திறந்திருக்கும் நாளில் தரைப்பாலம் பக்கமே போக வேண்டாம். நின்ற தண்ணீர் என்றாலும் சக்கர நடு வரைக்கும்தான்.

லைட்: 100/90 வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும். அதே 60/55 பல்பை வைத்து, ரிலே வயரிங் (பேட்டரி மின்சாரம் சுவிட்ச் வழியாகப் போகாமல் நேராக லைட்டுக்குப் போக வைப்பது) போடுங்கள். பழைய வண்டியில் சுவிட்ச் வழியாகப் போகும் மின்சாரம் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் இழக்கும். வோல்டேஜ் பத்து சதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதம் குறையும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், 15 ஆம்ப் ஃபியூஸ், ஹைக்கும் லோவுக்கும் தனித்தனி ரிலே, சேஸில் பெயின்ட் சுரண்டி நல்ல எர்த். பார் லைட் தேவையே இருக்காது. எதிரே வருகிறவர் கண்ணையும் கூசாது.

இன்னொன்று. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வர வேண்டும். செம்மண் நிறம் ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது. குழாய் வெடிப்பு, கிளிப் தளர்வு, ஃபில்டர் ரப்பர் விளிம்பு மூன்றில் ஒன்று. டர்போவையும் ரிங்கையும் தேய்ப்பது அந்தத் தூசிதான். டீசல் ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீர் வடிப்பதையும் பழக்கமாக்குங்கள், காமன் ரெயில் (உயர் அழுத்த டீசல்) பம்ப்புக்குத் தண்ணீர் ஆகாது.

அஞ்செட்டிபாதை:

மண் ரோட்டுக்கு வண்டியில் இருக்க வேண்டியது: ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுர, 18 மி.மீ. பிளைவுட், மழை பெய்த செம்மண்ணில் ஜாக்கி மட்டும் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். வண்டியை இழுக்க 5 டன் துணிப் பட்டை ஒன்று, அதை மாட்ட 3.25 டன் முத்திரை உள்ள டி சாக்கிள் (டி வடிவ இரும்பு வளையம்) இரண்டு, ஒரு மண்வெட்டி. பட்டையை சேஸ் கொக்கியில் மட்டும் மாட்டணும். பம்பரிலோ ஆக்ஸிலிலோ கட்டக் கூடாது. ஒரு பின் சக்கரம் மட்டும் சுற்றினால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்து மெதுவாகக் கிளட்ச் விடுங்கள். சும்மா சுற்றுகிற சக்கரம் இறுகி மற்றதற்கும் கொஞ்சம் இழுவை போகும். அதிலும் வராவிட்டால் குழி ஆழமாகும் முன் நிறுத்தி மண்ணை வெட்டுங்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தார் ரோட்டிலிருந்து பிரியும் மண் பாதைகளில் பாதி காப்புக்காடு. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லிருந்து இருக்கிறது. வனத்துறை கேட், கல், போர்டு எது இருந்தாலும் அனுமதி இல்லாமல் உள்ளே போனால் குற்றம். ஊருக்கு ஊர் போகும் வண்டிப்பாதைகள், ஏரிக்கரைகள் தாராளமாகக் கிடைக்கும், அவற்றில் ஓட்டுங்கள். யானை நின்றால் ஹாரன், ஹை பீம் இரண்டும் வேண்டாம். தூரத்திலேயே நிறுத்தி, ரிவர்ஸ் எடுக்க வழி விட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருங்கள். மாலை 5 மணிக்குள் அந்தப் பக்கத்திலிருந்து இறங்கிவிடுவது நல்லது, பிள்ளைகளும் இருக்கிறார்கள்.