ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

கேள்வி: அமெரிக்க கேக் செய்முறையில் 2 கப் மைதா, 1 கப் சர்க்கரை, அரை கப் கோகோ, 1 டீஸ்பூன் பேக்கிங் சோடா. தராசில் நிறுத்துப் போட, எல்லாவற்றுக்கும் கப்புக்கு 240 கிராம் சரியா?

பதில் 1: வேண்டாங்க. 240 என்பது மில்லி. தண்ணீருக்குத்தான் அதுவே கிராம். மைதாவுக்கு 120–125 பிடிங்க, 2 கப்புக்கு 250க்குள். சர்க்கரை 200. கோகோ அரை கப் 42. இதில் ஏமாற்றுவது மைதாதான்: கப்பை மாவுக்குள் விட்டு அள்ளினால் அமுங்கி 150 வரை ஏறும், கேக் வறண்டு வெடிக்கும். கரண்டியால் தளர்வாகப் போட்டு, கத்தி முதுகால் வழித்தால்தான் 120–125.

பதில் 2: சலித்தபின் அளக்கச் சொல்லியிருந்தால் 115 அளவுக்குக் குறையும். அளந்தபின் சலித்தால் எடை மாறாது. ஆஸ்திரேலியச் செய்முறை என்றால் கப்பே 250 மில்லி.

கேட்டவர்: சோடாவையும் நிறுக்கலாமா?

பதில் 1: அதை மட்டும் டீஸ்பூனிலேயே தலைதட்டி அளங்க. 5–6 கிராம்தான் வரும். கிராம் கிராமாகக் காட்டும் வீட்டுத் தராசு அதில் ஒரு கிராம் தவறி, சோடா கூடிப்போனால் சோப்பு வாடை வரலாம்.